இழை தெரியாத தையல்

பிப்ரவரி 9

ஊசிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே பழக்கினார்கள். நலமில்லை என்றால் எப்படித் தொடங்குவது என்று ஒரு டீச்சரும் சொல்லித் தரவில்லை.

உயிரோடு இருக்கிறேன். உங்கள் வீட்டை விட்டு வந்து நாற்பத்தோரு நாள் ஆகிறது. எந்த ஊரில் இருக்கிறேன் என்று எழுதமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன்னை நம்புகிறேன், உன் வீட்டு அலமாரியைத்தான் நம்பவில்லை. அதனால்தான் இதை நீ நூல் வாங்கும் பட்டன் கடைக்கு அனுப்புகிறேன். கடைக்காரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் உன் மேல் பிரியம் உண்டு. பதிலை வக்கீலம்மாவின் அலுவலகத்துக்குப் போடு, விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது.

உன் அண்ணன் மேல் கோர்ட்டில் மனு போட்டிருக்கிறேன். இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்திருக்கிறது. ஒன்றரைப் பக்கம். அவர் என்னை அடிக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, நான் தங்கும் இடத்துக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் வரக்கூடாது, நேரிலோ போனிலோ இன்னொருவர் மூலமாகவோ தொடர்பு கொள்ளக்கூடாது. ஒன்பது வருடம் நான் கெஞ்சிக் கேட்டதையெல்லாம் யாரோ ஒரு டைப்பிஸ்ட் வரிசையாக நம்பர் போட்டு அடித்துக் கொடுத்திருக்கிறார். படித்தபோது அழுதுவிட்டேன். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன். காய்கறி வாங்கப் போனாலும் கூடவே வருகிறது.

ஆனால் இது தற்காலிகம். ஏப்ரல் 21 அன்று, வக்கீலம்மா இருக்கும் ஊர்க் கோர்ட்டில் விசாரணை. நீதிபதிக்கு நம்பிக்கை வந்தால் உத்தரவு நிலைக்கும், வராவிட்டால் அந்த நிமிடமே போய்விடும். நம்பிக்கை வர சாட்சி வேண்டும். உன் அண்ணனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் என்ன சொல்வார்கள் என்று உனக்கே தெரியும். "டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரா? தங்கமான மனுஷனாச்சே. வண்டி பத்து தடவை நின்னாலும் ஒரு வார்த்தை அதட்ட மாட்டாரே." பாதி ஊருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். நான் மட்டும் வேறு ஆளைக் கல்யாணம் செய்துகொண்டேன் போலிருக்கிறது.

டாக்டர் சீட்டைக் காட்டலாம் என்றால், அதில் "படியில் வழுக்கி விழுந்தது" என்று இருக்கிறது. டாக்டரிடம் அப்படிச் சொன்னது நீ, பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியது நான். அதனால் உன்னைக் குறை சொல்லவில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீ வந்து சாட்சி சொல்ல வேண்டும். அந்த வீட்டில் நடந்ததை அறிந்தவர்கள் நான்கு பேர். ஒருவர் செய்தவர், ஒருத்தி பட்டவள். அத்தை வரமாட்டார். மிச்சம் நீதான்.

அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

ஊசி எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் பட்டன் கடையில் நின்றே படித்தேன். கடைக்காரம்மா நான்கு அட்டை பட்டனை எடுத்து முன்னால் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்றார். தலையாட்டினேன். வேண்டாத பட்டனை வேறு வாங்கி வந்துவிட்டேன்.

உயிரோடு இருக்கிறீர்கள் என்று படித்ததும் முதலில் சந்தோஷம், அப்புறம் கோபம். என்னிடம் கூடச் சொல்லாமல் போய்விட்டீர்களே. அன்று காலையில் என் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். எதற்கு இவ்வளவு அக்கறை என்று நினைத்தேன், சாயங்காலம்தான் புரிந்தது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அம்மா என்னிடம் பேசுவதைக் குறைத்துவிட்டார். உங்கள் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறார், தூக்கியும் போடவில்லை. உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்த போலீஸ்காரர் யார் தெரியுமா? அண்ணனிடம் வண்டி கற்றவர். வாசலில் நின்று, "மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க, கையெழுத்து மட்டும் போட்டுடுங்க" என்று நெளிந்தார். அண்ணன் அவரை உட்கார வைத்து டீ கொடுத்தார். போகும்போது அந்த மனிதர் சல்யூட் அடித்துவிட்டுப் போனார் அண்ணி. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அண்ணன் இளைத்துவிட்டார். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகி, இரண்டைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். சரியாகச் சாப்பிடுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவளுக்கு நீ எழுதறேன்னு தெரியும். நான் ஒண்ணும் கேக்கல. ஒரு தடவை பேசினா போதும்னு மட்டும் சொல்லு. அவ வந்தா எல்லாத்தையும் மறந்துடறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு யாரைப் பாவம் என்று சொல்வது என்றே தெரியவில்லை. நான் எழுதுவது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கடைக்காரம்மாவாகத்தான் இருக்கும்.

சாட்சி விஷயம் யோசிக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். துணியை வெட்டுவதற்கு முன்னால் நான் எத்தனை தடவை அளப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள்
ஊசி


மார்ச் 1

ஊசி,

உன் கடிதத்தில் பாதி எனக்கு வந்தது, பாதி ஃபைலுக்குப் போனது.

வக்கீலம்மாவின் அலுவலகத்துக்கு வருகிற தபாலை அவரே பிரித்துவிடுகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்தியைச் சிவப்பு மையால் கோடு போட்டு எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "இன்னொருவர் மூலமாகத் தொடர்பு கொள்ளக்கூடாதுன்னு உத்தரவுல இருக்கு. இது அதுதான். மீறிட்டார்" என்றார். போலீஸுக்குப் புகார் போயிருக்கிறது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் "எல்லாத்தையும் மறந்துடறேன்" என்ற வரியைப் படித்ததும் புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறக்க வேண்டியது அவர் பக்கத்தில் என்ன இருக்கிறது ஊசி? என் தோள் இன்னும் மழை வந்தால் எனக்கு முன்கூட்டியே சொல்கிறது.

சரி, அதை விடு. இப்போது நான் எழுத வந்தது அந்தச் சாம்பல் நிறக் கோட்டைப் பற்றி.

நான் கிளம்பும்போது இரண்டு மாற்றுத்துணியும் பழைய லேப் கோட்டும்தான் எடுத்து வந்தேன். இங்கேயும் பல் செட் செய்யும் லேப்பில்தான் வேலை, புதுக் கோட்டு கொடுத்துவிட்டார்கள். பழையதை வக்கீலம்மாவின் மேஜையில் விரித்து வைத்தேன். "இந்தக் கைதான் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் கிழிந்தது. படியில் இறங்கும்போது பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்" என்றேன். அவர் விளக்கைப் போட்டார். கண்ணாடியை மாற்றிப் போட்டார். குமாஸ்தாவிடம் பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தார். "எங்கம்மா கிழிஞ்சிருக்கு?" என்றார். நானும் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. வலது கையா இடது கையா என்றே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது.

நீ உள்மடிப்பிலிருந்து நூலை உருவி, அதே நூலால் இழை இழையாகப் பின்னினாயே. மூன்று நாள் உட்கார்ந்து பின்னினாய். "யாருக்கும் தெரியாத மாதிரி தைச்சுக் குடு" என்று உன்னிடம் கேட்டது நான்தான். லேப்பில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அவ்வளவு பயம். தைத்து முடித்ததும் உன் கையைப் பிடித்து, மாயக்காரி என்றேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து என்ன செய்து வைத்திருக்கிறோம் பார். முழுப் பூசணிக்காயை உண்மையிலேயே சோற்றில் மறைத்துவிட்டோம்.

வக்கீலம்மா சொல்வது இதுதான். துணி நெசவின் போக்கில் நேராகக் கிழிந்திருந்தால் அது ஆணியில் மாட்டிய கிழிசல் இல்லை, இழுத்த கிழிசல் என்று ஒரு தையற்காரி சொல்ல முடியும். நீ கோர்ட்டில் வந்து உன் தையலைக் காட்ட வேண்டும். அங்கேயே பிரித்துக் காட்ட வேண்டும். எப்போது தைத்தாய், ஏன் தைத்தாய் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கண்ணால் பார்த்தாயா என்று கேட்டால் இல்லை என்றே சொல்லலாம். நீ பார்க்கவில்லைதானே. பக்கத்து அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணி


மார்ச் 12

அண்ணிக்கு,

என் கடிதத்தைக் கோர்ட்டுக்குக் கொடுப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் நலம் மட்டும் விசாரித்திருப்பேன்.

அண்ணனைப் புதன்கிழமை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். காலையில் போய் மத்தியானம் வந்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை, எச்சரித்து அனுப்பினார்களாம். சிரித்துக்கொண்டே வந்தார். கை கழுவினார், சாப்பிட்டார். பிறகு என் மெஷினிடம் வந்து, உட்கார்ந்து, பொறுமையாக மெஷின் சக்கரத்துப் பெல்ட்டைக் கழற்றினார். சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கடுதாசி எழுத நேரம் வேணும்ல உனக்கு" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. நான்கு நாள் கழித்துத்தான் திரும்பக் கொடுத்தார். அதற்குள் ஒரு ஸ்கூல் யூனிபார்ம் ஆர்டர் கையை விட்டுப் போய்விட்டது.

உத்தரவில் "இன்னொருவர்" என்று இருக்கிறதாம். நான் எப்படி அண்ணி இன்னொருவர் ஆவேன்? அவருக்குத் தங்கை, உங்களுக்கு நாத்தனார். நடுவில் நிற்பவள் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் என்னை ஊசியாகத்தான் வைத்திருக்கிறீர்கள். குத்து வாங்குவது துணி, ஆனால் தேய்வது நானும்தான்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதை நீங்கள் குத்திக் காட்டுவதற்காக எழுதினீர்களோ சும்மா எழுதினீர்களோ தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உங்கள் கோட்டு கிழிந்த அன்று என் மெஷினில் துணியே இல்லை அண்ணி. படியில் சத்தம் கேட்டதும் வெறும் மெஷினை மிதித்தேன். வேகமாக மிதித்தேன். நூல் சிக்கி முடிச்சாகும் வரைக்கும் மிதித்தேன். அன்றைக்கு மட்டும் இல்லை, ஒன்பது வருடமும் அப்படித்தான். உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இருந்தபோதும் அப்படித்தான். பன்னிரண்டு வயதில் நான் தையல் கற்றுக்கொண்டதே அந்தச் சத்தத்துக்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

அம்மாவிடம் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "தான் ஆடாவிட்டாலும் தசை ஆடும்னு சொல்லுவாங்க. உனக்கு ஆடலைன்னா நீ என் வயித்துல பொறக்கல" என்றார். 

உங்கள் வக்கீலம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். வீடு அம்மா பெயரில் இருக்கிறது. நான் உண்மையைச் சொன்னால் அவர்களால் என்னை வெளியே அனுப்ப முடியுமா? மெஷினோடு எங்கே போவேன்? பொய் சொன்னால் என்ன தண்டனை? ஒன்றும் சொல்லாமல் நின்றால்? வாடிக்கையாளர்கள் எல்லாம் இந்தத் தெருதான். இந்தத் தெருவில் அண்ணனிடம் வண்டி கற்காத வீடு இல்லை.

வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மதில்மேல் பூனை என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது.

ஊசி


மார்ச் 24

ஊசிக்கு,

சிரிக்கவில்லை. உன் கடிதத்தை யாரிடமும் காட்டவும் இல்லை. இனிமேல் உன் கையெழுத்து இருக்கும் உறையைப் பிரிக்காமல் கொடுக்கும்படி வக்கீலம்மாவிடம் சண்டை போட்டு வாங்கிவிட்டேன்.

உன் கேள்விகளைக் கேட்டேன். வீடு யார் பெயரில் இருந்தாலும், அந்த வீட்டில் குடியிருக்கும் பெண்ணை அடித்துத் துரத்த முடியாது என்கிறார். மனைவிக்கு மட்டும் இல்லையாம், தங்கைக்கும் இதே சட்டம்தானாம். நீயும் ஒரு உத்தரவு கேட்கலாமாம். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால் வழக்கு வரலாம், பெரும்பாலும் யாரும் போடுவதில்லை என்றார். ஒன்றும் சொல்லாமல் நின்றால், அது உன் அண்ணன் பக்கம் நின்றதாகத்தான் எழுதிக்கொள்வார்களாம். சம்மன் அனுப்பி உன்னை வரவழைக்கலாம், ஆனால் இழுத்து வந்த சாட்சியால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்பது அவருடைய அனுபவம். அதனால் அனுப்பவில்லை.

இது சட்டம். இனி நான் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது ஊசி. வெறும் காகிதம்தானே என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் காகிதம் இருக்கும் வரைக்கும் நான் போன் செய்தால் போலீஸ் வந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால், "புருஷன் பொண்டாட்டி சண்டைம்மா, பேசித் தீத்துக்கோங்க" என்பார்கள். மூன்று தடவை கேட்டிருக்கிறேன் அதை. நாலாவது தடவை கேட்க நான் இருப்பேனா என்று தெரியாது. உன் அண்ணன் கடைசியாக என்னிடம் என்ன சொன்னார் என்று உனக்கு நான் சொல்லவே இல்லை. இதிலும் எழுதமாட்டேன். அதைச் சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளாஸ் எடுக்கப் போனார்.

இங்கே என் அறை ஒரு டயர் கடைக்கு மேலே. இரும்புப் படி. யார் ஏறினாலும் சத்தம் கேட்கும், அதற்காகத்தான் இந்த அறையை எடுத்தேன். நேற்று மெழுகில் ஒரு கிழவருக்கு முன்பல் செதுக்கிக்கொண்டிருந்தபோது படியில் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, லேப்பில் படியே கிடையாது. பல் உடைந்து இரண்டாகிவிட்டது. முதலாளியம்மா புது மெழுகு எடுத்துக் கொடுத்தார்.

மெஷின் விஷயம் எனக்குத் தெரியும். ஒன்பது வருடமாகத் தெரியும். துணி ஓடும்போது வரும் சத்தம் வேறு, வெறும் மெஷின் சத்தம் வேறு. நான் அதை எழுதியது குத்திக் காட்டத்தான். மன்னித்துக்கொள்.

வா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 5

அண்ணி,

வருகிறேன்.

அம்மாவிடம் லைனிங் துணி மொத்தமாக எடுக்கப் போவதாகச் சொல்லப்போகிறேன். காலை ஆறரை பஸ். அண்ணன் அவருடைய வண்டியில் போவார், அதற்கு முன்னாலேயே நான் போய்விடுவேன். தையல் பிரிக்கும் கத்தியைக் கோர்ட்டுக்குள் விடுவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். என்ன உடுத்திக்கொண்டு வருவது? பேசும்போது நீதிபதியைப் பார்க்க வேண்டுமா, கேட்பவரைப் பார்க்க வேண்டுமா? எனக்கு நான்கு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை.

வலது கை, அண்ணி. சந்தேகமே வேண்டாம். தோள் மூட்டிலிருந்து ஒன்பது அங்குலம், முழங்கைக்கு மேலே லேசாக முன்பக்கம் திரும்பும். கண்ணை மூடிக்கொண்டு கூடக் காட்டுவேன்.

ஊசி


ஏப்ரல் 25

ஊசி,

உத்தரவு போய்விட்டது. உனக்கே தெரியும், நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனாலும் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும் போலிருக்கிறது.

பத்தே முக்காலுக்கு உன்னைக் கூப்பிட்டார்கள். நீ கூண்டில் ஏறியபோது எனக்கு அவ்வளவு தைரியம் வந்தது. உன் முகம் வெளுத்திருந்தது, பஸ் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். சத்தியம் செய்தாய். தையற்காரி என்றாய். வக்கீலம்மா கோட்டை உன் கையில் கொடுத்தார். நீ அதை வாங்கினாய். வலது கையைத் திருப்பினாய். உள்பக்கம் பார்த்தாய். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாய். இடது கையையும் பார்த்தாய். ஒரு கோர்ட் முழுக்க உன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியலைங்க" என்றாய்.

வக்கீலம்மா மறுபடியும் கேட்டார். "இதுல நான் ஏதும் தைச்ச மாதிரி தெரியலைங்க. நல்லாத்தான் இருக்கு" என்றாய். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருக்கவே இல்லை. அவருக்குக் குறுக்கு விசாரணை செய்ய ஒன்றும் மிச்சமில்லை. நீதிபதி கோட்டை வாங்கி அவரும் ஒரு தடவை பார்த்தார், பாவம். அத்தை இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார்.

அப்புறம் என்னை ஏற்றினார்கள். இப்போது எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார் அந்த வக்கீல். வக்கீலம்மா ஆட்சேபித்தார். வருமானம் பற்றிய கேள்வி, பதில் சொல்லுங்கள் என்றார் நீதிபதி. லேப்பின் பெயரையும் தெருவையும் சத்தமாகச் சொன்னேன். உன் அண்ணன் எழுதிக்கொள்ளவில்லை. அவர் வழியை எப்போதும் மனதில்தான் வைத்துக்கொள்வார்.

போதிய ஆதாரம் இல்லை, தள்ளுபடி. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. வராந்தாவில் உன்னைத் தேடினேன். நீ போய்விட்டிருந்தாய்.

முதலாளியம்மாவிடம் கணக்கு முடித்துக்கொண்டேன். மே 15 வரைக்கும் இந்த ஊரில் இருப்பேன், அதுவும் வேறு இடத்தில், அறையை மாற்றிவிட்டேன். அப்புறம் எங்கே போவேன் என்று வக்கீலம்மாவிடம்கூடச் சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்கள் எல்லோரையும் கேட்பார்கள், தெரியாதவர்களை யார் கேட்பார்கள்? என் பெயரில் வரும் தபாலை அதுவரைக்கும்தான் அவர் வைத்திருப்பார்.

அதற்குள் எனக்கு ஒன்றே ஒன்று சொல். நான் சண்டை போடமாட்டேன். நீ அவ்வளவு நன்றாகத் தைத்திருக்கிறாய், உனக்கே தெரியாமல் போயிருக்கலாம், அதை என்னால் நம்ப முடியும். நம்பத்தான் ஆசை. ஒன்பது வருடம் அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே ஆள் நீ.

நிஜமாகவே தெரியவில்லையா, ஊசி?

அண்ணி


மே 22

அண்ணி,

மே 15 போய்விட்டது. எனக்கும் நாள்காட்டி பார்க்கத் தெரியும். இதற்குள் எழுத முடியவில்லை. பேனா பிடிக்கும் கை சரியில்லாமல் இருந்தது. இப்போது நம் வீட்டில் மெஷின் ஓடுவதில்லை, அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்.

விசாரணை அன்று காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. அண்ணன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "லைனிங் துணிதானே, வா, போற வழிதான்" என்றான். அவன் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. எடுத்துக் காட்டினான். சாட்சிப் பட்டியல். என் பெயர், பக்கத்தில் "எதிர்மனுதாரரின் தங்கை" என்று. அந்தப் பட்டியலின் ஒரு நகல் எதிர்த்தரப்புக்கும் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியுமா என்று நான் கேட்கமாட்டேன்.

என்னை அவன் பக்கத்து சீட்டில் உட்கார வைக்கவில்லை. ஸ்டியரிங் பக்கம் உட்கார வைத்தான். "இத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்தேன், கூடப் பொறந்தவளுக்குச் சொல்லிக் குடுக்கல பாரு" என்றான். நான் சைக்கிள்கூட ஓட்டியதில்லை அண்ணி. அம்மா பின்சீட்டில். ஊர் எல்லை வரைக்கும் தெருத்தெருவாக ஓட்ட வைத்தான். கிளட்ச், கியர் என்று அவ்வளவு நிதானமாகச் சொன்னான். என்னையறியாமல் அவன் சொன்னதையெல்லாம் செய்துகொண்டிருந்தேன். மெயின் ரோட்டில் ஏறினதும் பேச்சை நிறுத்திவிட்டான். எதிரே லாரி வந்தது. நான் நடுவில் போய்க்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. அவன் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு, உங்களுக்குத் தெரியும். அவன் அதை மிதிக்கவில்லை. அம்மா கத்துகிறார், லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், இவன் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மிதித்தான். லாரிக்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான்.

"பார்த்தியா, நான் இருக்கிறதால பொழைச்சே" என்றான். அதற்கப்புறம் அவனே ஓட்டினான். கோர்ட் வாசலில் என்னை இறக்கிவிட்டு, சீக்கிரம் வா, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம் என்றான். சாட்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் சொல்வீர்களே, எங்கேயும் ஒரு கீறல் விடமாட்டார் என்று.

போன வாரம் அவன் கிளாஸ் எடுக்கப் போன நேரம் பார்த்து வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லி, இப்போது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், என்னை ஜெயிலில் போட்டாலும் பரவாயில்லை என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "சத்தியம் பண்ணிட்டு ஒண்ணு சொல்லியாச்சு. இப்ப மாத்திச் சொன்னா அன்னிக்குப் பொய்யா இன்னிக்குப் பொய்யான்னு கேப்பாங்க. அந்தம்மாவுக்கு இனிமே உன்னால உபயோகம் இல்ல" என்றார். அப்புறம் என் கையைப் பார்த்தார். கட்டுப் போட்டிருந்தேன். என்ன ஆயிற்று என்றார். படியில் வழுக்கிவிட்டேன் என்றேன். நாற்காலியை என் பக்கம் தள்ளி உட்கார வைத்துவிட்டு, நீயும் ஒரு மனு போடலாம் என்றார். சாட்சி யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

உங்கள் லேப்புக்குப் போன திங்கட்கிழமை அவன் போய் வந்தான். பல் செட் விசாரிக்கிற மாதிரி போனானாம். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம், ஆனால் கண்டுபிடிக்க நாளாகாது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நீங்கள் எங்கே இருந்தாலும் அங்கேயும் அதிக நாள் இருக்காதீர்கள்.

இதை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. வக்கீலம்மாவிடம்தான் கொடுக்கப்போகிறேன். விலாசம் இல்லை, வாங்கமாட்டேன் என்பார். மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். தெரிந்தது அண்ணி. கோட்டை என் கையில் கொடுத்ததுமே கட்டைவிரல் தையல் மேலேதான் இருந்தது. அங்கிருந்து நான் அதை எடுக்கவே இல்லை.

ஊசி